குடவோலையை ட்ரிகரில் எழுதுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறது.)

இன்னைக்கு ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. பேரைச் சொன்னதுமே உங்கள்ல சில பேருக்கு ஹாஸ்டல் ரூம்ல குறுக்கும் நெடுக்குமா ஓடின லேன் கேபிளும், ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ கத்தின கத்தலும் ஞாபகம் வந்திருக்கும். அந்தப் பக்கம் இன்னைக்குப் போகலை. அந்த கேமோட மெனுவுல ஒரு பட்டன் இருக்கும், பெரும்பாலானவங்க அழுத்திக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க: மேப் எடிட்டர். மேப் வரையிறதுக்கும், அதுக்குள்ள ஒரு கதையை ஓட விடுறதுக்கும் ஒரு முழுப் பட்டறையை கேம் டப்பாவுக்குள்ளயே வெச்சுக் கொடுத்துட்டாங்க. அதை வெச்சுக்கிட்டு சம்பளம் வாங்காத ஆளுங்க இருபத்தஞ்சு வருஷமா என்னென்ன பண்ணினாங்க, அது சுத்திச் சுத்தி எப்படி ராஜேந்திர சோழன் வரைக்கும் வந்துச்சு, அதுதான் விஷயம்.

இதை நான் உத்திரமேரூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல டிராக்டர் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, அறுவடை நேரம். ஊர் பேரைச் சும்மா சொல்லலை. கொஞ்ச நேரத்துல இந்த ஊரும் எடிட்டருக்குள்ள வரும்.

முதல்ல ஒரு வித்தியாசத்தைத் தெளிவுபடுத்திக்கலாம். மாட் வேற, சீனாரியோ வேற. மாட்ன்னா சதுரங்கக் காய்களையே மாத்துறது. சீனாரியோன்னா அதே காய், அதே பலகை, ஆனா நீங்க புதுசா ஒரு ஆட்டம் எழுதுறீங்க. யார் எங்க நிக்கிறாங்க, எப்போ யார் துரோகம் பண்ணுவாங்க, எது நடந்தா ஜெயிப்பு, இதெல்லாம் ஒரே ஒரு ஃபைலுக்குள்ள. அந்த ஃபைலை இன்னொருத்தருக்கு அனுப்பினா அவரும் விளையாடலாம்.

இந்தப் பழக்கம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு முன்னாடியே உண்டு. 1996-ல ‘சிவிலைசேஷன் 2’ வந்தது. அதே வருஷம் அதுக்கு வந்த விரிவாக்கத் தொகுப்புல கம்பெனி உருவாக்கின சீனாரியோக்களோட, ரசிகர்கள் உருவாக்கினதுல நல்லதாப் பொறுக்கி எட்டைச் சேர்த்து வித்தாங்க. ரசிகர் வேலை கடைக்கு வர்றது அப்பவே ஆரம்பிச்சாச்சு. அடுத்த வருஷம் முதல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’. அதுல எடிட்டர் இருந்தது, ஆனா கதை சொல்ல வழியில்ல. மேப் வரையலாம், ஆளுங்களை நிறுத்தலாம், ஜெயிக்கிறதுக்கு என்ன நிபந்தனைன்னு குறிக்கலாம், அவ்வளவுதான். 1999-ல ‘ஏஜ் ஆஃப் கிங்ஸ்’ வந்தப்போதான் என்சம்பிள் ஸ்டுடியோஸ் அதுக்குள்ள ட்ரிகர்ங்கிற விஷயத்தை வெச்சாங்க.

ட்ரிகர்ன்னா ஒரு வாக்கியம். ‘இது நடந்தா, அதைச் செய்.’ முதல் பாதி கண்டிஷன், ரெண்டாவது பாதி எஃபெக்ட். உங்க குதிரைவீரன் பாலத்தைத் தாண்டினா, புதருக்குப் பின்னாடி பத்து வில்லாளிகள் தோன்றட்டும், திரையில ஒரு வரி எழுத்து வரட்டும். அஞ்சு நிமிஷம் ஆனதும் பக்கத்து ஊர் உங்களுக்கு எதிரியா மாறட்டும். உங்ககிட்ட 500 தங்கம் சேர்ந்தா வடக்கு வாசல் திறக்கட்டும். கோடிங் தெரிஞ்சவங்களுக்கு இது என்னன்னு புரிஞ்சிருக்கும். ஈவண்ட் வந்தா ஹேண்ட்லர் ஓடுது. பன்னிரண்டு வயசுப் பசங்க அதை கோடிங்னு தெரியாமலே எழுதிக்கிட்டு இருந்தாங்க.

ஆனா அந்த மொழி ரொம்ப ஏழை மொழி. வேரியபிள் கிடையாது. ‘இல்லைன்னா’ கிடையாது. ஃபங்ஷன் கிடையாது. பகடை உருட்ட வழி கிடையாது. ஒரு ட்ரிகர் இன்னொரு ட்ரிகரை ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம். அந்த ஆன், ஆஃப்தான் உங்களுக்குக் கிடைச்ச மெமரி. ஒரு ட்ரிகருக்கு ஒரு பிட்.

இந்த வறுமையில அவங்க செஞ்ச வித்தைகள் இருக்கே, அதுலதான் எனக்கு மயக்கம். எண்ணிக்கை வெச்சுக்கணுமா? யாரும் விளையாடாத ஏழாவது பிளேயர் ஒருத்தர் சும்மா இருப்பார். அவரோட கல் இருப்பைக் கணக்குப் புத்தகமா ஆக்கிக்கிட்டாங்க. ஒரு கொள்ளைக்காரன் செத்தா அவருக்கு ஒரு கல் கப்பம் போகும். இருப்பு பத்து ஆயிடுச்சான்னு ஒரு கண்டிஷன் பார்த்துக்கிட்டு இருக்கும். கழிக்கணுமா? மைனஸ் கணக்குல கப்பம் கட்டு. ஒரு நாயகனுக்கு சாதாரண வீரனைவிடப் பல மடங்கு உயிர் வேணுமா? ‘சேதப்படுத்து’ங்கிற எஃபெக்ட்ல மைனஸ் எண்ணைப் போடு, சேதம் உயிரா மாறிடும். இதை டிசைன் பண்ணின இன்ஜினியர் இப்படி ஒரு பயன்பாட்டைக் கனவுலகூட நினைச்சிருக்க மாட்டார். நம்ம ஆபீஸ்கள்ல ‘ரிமார்க்ஸ்’ காலத்துல ஸ்டேட்டஸ் கோடு போட்டு வெச்சு, பத்து வருஷம் கழிச்சு யாரும் அதைத் தொட பயப்படுவாங்க இல்ல? அதே குலம்தான் இதுவும். இங்க மட்டும் அது அழகா இருக்கு.

இப்படி ஆரம்பிச்சு கேமோட முகமே மாறிப்போச்சு. ஊர் கட்டுறதே இல்லாம ஒரே ஒரு நாயகனோட காடு மேடு சுத்துற கதைகள் வந்தது. கேமராவை நகர்த்தி, வசனத்தை வரிவரியா விட்டு, சினிமா மாதிரி காட்சிகள் வந்தது. ‘கேஸில் பிளட்’னு ஒரு வகை வந்தது. அதுல விறகு வெட்டுறதும் இல்ல, வயல் உழுறதும் இல்ல. கோட்டையிலேர்ந்து படை தானா வந்துக்கிட்டே இருக்கும், நீங்க அடிச்சுக்கிட்டே இருக்கணும். எனக்கு அது பத்து நிமிஷத்துல தலைவலி. ஆனா அதுக்குன்னே வாழ்ற கூட்டம் இன்னைக்கும் இருக்கு.

பக்கத்து வீட்டு கேம்ல நடந்தது இதைவிடப் பெருசு. 2002-ல வந்த ‘வார்கிராஃப்ட் 3’ எடிட்டர்ல ரசிகர்கள் செஞ்ச ஒரு மேப்தான் 2003-ல ‘டோட்டா’. கை மாறி மாறி வளர்ந்து, ஒரு கட்டத்துல மூல கேமைவிட அந்த மேப்புக்காகவே கேமை வாங்கினவங்க உண்டு. அதுலேர்ந்து ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, ‘டோட்டா 2’ன்னு ஒரு தொழிலே பிறந்துச்சு. அந்தப் பேர் யாருக்குச் சொந்தம்னு பிளிஸ்ஸார்டும் வால்வும் மோதிக்கிட்டு 2012-ல சமரசம் ஆனாங்க. 2020-ல ‘வார்கிராஃப்ட் 3’ புது வடிவத்துல வந்தப்போ, எங்க எடிட்டர்ல நீங்க செய்யுற மேப் எல்லாமே எங்களுக்குச் சொந்தம்னு பிளிஸ்ஸார்ட் விதிமுறையில எழுதி வெச்சுது. ஒரு முறை சூடு பட்ட பூனை. ஆனா யோசிச்சுப் பாருங்க, பேனா வித்தவன் கதைக்கும் உரிமை கேக்கிற மாதிரி இருக்கு.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கதை வேற மாதிரிப் போச்சு. 2009 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் என்சம்பிள் ஸ்டுடியோஸை இழுத்து மூடியது. கேம் அதிகாரபூர்வமா அனாதை. அதைச் சோறு போட்டு வளர்த்தது ரசிகர்கள்தான். புது மானிட்டர்ல ஓட வைக்கிற பேட்ச்கூட அவங்களே எழுதினாங்க. பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்ட் பீக்மனும் அவர் கூட்டாளிகளும் ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’னு ஒரு மாட் செஞ்சு 2012 டிசம்பர்ல வெளியிட்டாங்க. அஞ்சு புது நாகரிகங்கள். அதுல ஒண்ணு இந்தியர்கள்.

இங்க கொஞ்சம் நிக்கணும். 1999 கேம்ல 13 நாகரிகம், 2000-ல வந்த ‘கான்கரர்ஸ்’ல இன்னும் 5. மொத்தம் 18. வைக்கிங் உண்டு, மாயன் உண்டு, கொரியர் உண்டு. இந்தியத் துணைக்கண்டம் முழுக்கக் காலி. சோழர் படையை வெச்சு ஒரு சீனாரியோ பண்ணணும்னா யானைக்குப் பாரசீகர்கிட்ட போய் நிக்கணும். இந்த ஓட்டையை முதல்ல அடைச்சது கம்பெனி இல்ல, காசு வாங்காத ஒரு மாட் குழு.

அடுத்த வருஷமே அந்த மாட் ‘தி ஃபர்காட்டன்’ங்கிற பேர்ல அதிகாரபூர்வ விரிவாக்கமா வந்தது, பிருதிவிராஜ் சௌகானோட கதையும் சேர்ந்து. குழு ஸ்டுடியோ ஆச்சு. 2019-ல வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் அவங்க முன்னணியில நின்னு உருவாக்கினது. சீனாரியோ எழுதிப் பழகின ரசிகர்கள் சம்பளத்துக்கு மிஷன் எழுத ஆரம்பிச்சாங்க. 2022 ஏப்ரல் 28-ம் தேதி ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தது. ஒரே மூட்டையா இருந்த ‘இந்தியர்’ நாலாப் பிரிஞ்சாங்க: இந்துஸ்தானி, வங்காளி, கூர்ஜரர், திராவிடர். திராவிடருக்கு ராஜேந்திர சோழன் கதை, அஞ்சு மிஷன். கிராமத்து ஆளை கிளிக் பண்ணினா தமிழ்ல பதில் சொல்றார். பல வருஷம் வேற வேற மொழியில முணுமுணுத்துக்கிட்டு இருந்த ஆளு திடீர்னு நம்ம மொழியில பேசினா எப்படி இருக்கும்? நான் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா, ‘யார்டா அது, உள்ளே வரச் சொல்லு’ன்னாங்க.

‘திராவிடர்’ங்கிற பேரைப் பத்தி எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. கால்டுவெல் 1856-ல ஒரு மொழிக் குடும்பத்துக்குப் பொதுவா நிலைநிறுத்தின சொல்லை, பதினோராம் நூற்றாண்டுப் படைக்குப் பேரா வைக்கிறது எனக்கு ஒட்டலை. சுருள்வாள் உருமியைக் கேரளக் களரியிலேர்ந்து எடுத்து, பக்கத்துல திரிசடைங்கிற கப்பலை நிறுத்தியிருக்காங்க. ஒரே குடைக்குக் கீழ தென்னிந்தியா முழுக்க. சரி, பிரிட்டன்காரங்களுக்கும் இதே மாதிரிப் புகார் இருக்கும்னு விட்டுட்டேன்.

ராஜேந்திரன் கதை இந்த இன்ஜினுக்கு நல்லாவே பொருந்துது. 1014-லேர்ந்து 1044 வரைக்கும் ஆட்சி, கங்கை வரைக்கும் படை, 1025-ல கடல் தாண்டி ஸ்ரீவிஜயம். யானை இருக்கு, கப்பல் இருக்கு, எதிரி இருக்கார். ஆனா அந்த ராஜா தன்னோட வெற்றிக்கு அடையாளமா எதை விட்டுட்டுப் போனார்? கோயில் கட்டினார், சரி. கூடவே ஒரு ஏரி. தோத்த மன்னர்கள் சுமந்து வந்த கங்கைத் தண்ணியை ஊத்தின சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணியால ஆன வெற்றித்தூண்னு சொல்லுது. கேம்ல ‘ஒண்டர்’ன்னா கட்டடம்தான். ஏரி வெட்டி ஜெயிக்க முடியாது.

உத்திரமேரூருக்கு வர்றேன்.

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தகன் காலத்துல, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கிற விதிகளை வெட்டி வெச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான், குடவோலை. பாடப் புத்தகம் சொல்லாம விட்டது ஒண்ணு: அது ஒரு கல்வெட்டு இல்ல, ரெண்டு. 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு. ரெண்டாவது முதலாவதோட திருத்தம். முதல்ல 30-லேர்ந்து 60 வயசு வரை நிக்கலாம்னு இருந்தது. ரெண்டு வருஷத்துல 35-லேர்ந்து 70-ன்னு மாத்தினாங்க. வெர்ஷன் 1.0 போட்டு, ஓட விட்டுப் பார்த்து, பேட்ச் விட்டிருக்காங்க. கல்லுல.

விதிகளைப் பாருங்க. ஊர் 30 குடும்பு, அதாவது வார்டு. நிக்கிறவருக்குக் கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் சாஸ்திரம் தெரிஞ்சிருக்கணும். கடந்த மூணு வருஷத்துல பதவியில இருந்தவர் நிக்கக் கூடாது. பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் நிக்கக் கூடாது, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது. யார் யார் சொந்தம்னு உறவுமுறைப் பட்டியலே கல்லுல இருக்கு. தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியா குடத்துல போட்டு, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். அவன் எடுத்ததை மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன் விரிச்சு? விரலுக்குள்ள வேற ஓலையை மறைச்சு வெச்சிருக்கக் கூடாது இல்ல? அந்த ஒரு வரி படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோணும், இதை எழுதினவங்க புரொடக்ஷன்ல அடி வாங்கினவங்க. 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள்.

இதை எடிட்டர்ல எழுத முடியுமா?

‘மூணு வருஷம் நிக்கக் கூடாது’ ரொம்ப சுலபம். ஜெயிச்சவரோட ட்ரிகரை ஆஃப் பண்ணிடு, டைமர் ஒண்ணு வெச்சு மறுபடி ஆன் பண்ணு. கேம் மொழியில கூல்டவுன். கணக்குக் காட்டுறதும் சுலபம்: 360 நாளுக்கு ஒரு டைமர், அதுக்குள்ள இவ்வளவு தங்கம் இருப்புல இல்லைன்னா அவரோட ட்ரிகரும் சொந்தக்காரங்க ட்ரிகரும் நிரந்தரமா ஆஃப். ஏரி வாரியத்துக்கு எங்க ஊர் வயிரமேகத் தடாகத்தையே வரைஞ்சுட்டேன், பல்லவர் காலத்து ஏரி. மழைக்கு முன்னாடி ஆளுங்களைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலைன்னா தோல்வி.

குடம்தான் சிக்கல். 1999 எடிட்டர்ல பகடை இல்லைன்னு சொன்னேன் இல்ல? அதுக்கு ஒரு சுத்துவழி இப்படி. மேப்போட மூலையில, யார் கண்ணுக்கும் படாத இடத்துல, ஒரே பலமுள்ள ரெண்டு வில்லாளிகளை எதிரெதிரா நிறுத்து. இந்த கேம்ல வில்லாளி விடுற அம்பு எல்லாமே படாது, சிலது தவறும். அதனால யார் முதல்ல சாவாங்கன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அதான் உங்க நாணயம். பூவா தலையா.

ஒரு குடும்புல ரெண்டு பேர் நின்னா ஒரு சண்டை போதும். மூணு பேர் நின்னா? முதல் ரெண்டு பேர் மோதி, ஜெயிச்சவர் மூணாமவரோட மோதட்டும்னு தோணும். அது அநியாயம். மூணாமவருக்குப் பாதி வாய்ப்பு, மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்குக் கால்தான். சரியான வழி என்னன்னா, ரெண்டு சண்டை தனித்தனியா நடத்து. நாலு விதமான முடிவு வரும். மூணை மூணு பேருக்குக் கொடு, நாலாவது வந்தா எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி நடத்து. புள்ளியியல்ல இதுக்கு நல்ல பேர் உண்டு. நம்ம ஊர்ல ‘அழுகுணி ஆட்டம் வேணாம், முதல்லேர்ந்து போடு’.

முப்பது குடும்பு, குடும்புக்கு மூணு பேர், ரெண்டு சண்டை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம நடந்த தேர்தலைக் காட்ட, மூலையில குறைஞ்சது அறுபது பேர் சாகணும். அந்த இன்ஜினுக்கு மரணம்தான் தாய்மொழி. மத்ததெல்லாம் மொழிபெயர்ப்பு. ராஜாக்களோட கதை ஏன் முதல்ல வருது, சபையோட கதை ஏன் வரலைங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். கருவி எதைச் சுலபமாச் சொல்லுதோ, அதைத்தான் நிறைய பேர் சொல்லுவாங்க.

டெஃபினிட்டிவ் எடிஷன்ல இந்தக் கொலை தேவையில்ல. வேரியபிள் வந்தாச்சு, சதவீத வாய்ப்புக்குத் தனி கண்டிஷன் வந்தாச்சு, சி மொழி மாதிரி ஸ்கிரிப்ட் எழுதலாம், ஒரே வரியில மூணுல ஒண்ணை எடுக்கலாம். வித்தைக்காரங்க பழசுல கண்டுபிடிச்ச தேவைகளுக்குத்தான் இதெல்லாம் பதில்.

இதோட காசுப் பக்கத்தையும் சொல்லிடணும். 2024 மார்ச்ல ‘விக்டர்ஸ் அண்ட் வான்குயிஷ்ட்’னு 19 சீனாரியோ கொண்ட ஒரு தொகுப்பு வந்தது. அதுல பெரும்பகுதி, ஃபில்தி டெல்ஃபியாங்கிற புனைபெயர்ல ஒருத்தர் ரசிகரா இருந்து முன்னாடி இலவசமா வெளியிட்டதோட மெருகேற்றின வடிவம். ‘சும்மா கிடைச்சதுக்கு எதுக்குக் காசு’ன்னு நிறைய பேர் கடுப்பானாங்க. நான் எழுதினவர் பக்கம். பல வருஷம் ராத்திரி கண்முழிச்சுச் செஞ்ச வேலைக்கு ஒருத்தர் கூலி வாங்கினா நம்ம சோத்துல மண் விழாது. அதுக்குப் பழைய இலவச ஃபைல்கள் அழிஞ்சுபோகக் கூடாதுங்கிறது மட்டும்தான் என் கவலை. பேர் தெரியாத எத்தனையோ சீனாரியோக்கள் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. கல்லுல வெட்டினது ஆயிரத்து நூறு வருஷம் நிக்குது, 2003-ல ஒருத்தர் செஞ்ச ஃபைல் நிக்கலை.

என் சீனாரியோ முக்கால்வாசி முடிஞ்சுது. ஆளுங்களை நிறுத்தும்போது ஒண்ணு முகத்துல அறைஞ்சது. எடிட்டர் கேக்குது, கிராமத்தார் ஆணா, பெண்ணா? 1999 கேம்லயே பெண்கள் விறகு வெட்டுறாங்க, வேட்டையாடுறாங்க, கோட்டை கட்டுறாங்க. சபைக்குள்ள வைக்க எனக்கு ஆண்களை மட்டும்தான் எடுக்க முடியுது. அதுலயும் நிலம் உள்ள, வேதம் படிச்ச பிராமணர்கள். இது ஒரு சதுர்வேதிமங்கலத்தோட சபை, ஊர்ல இருந்த எல்லாரோட ஓட்டும் இல்ல. ‘உலகத்தோட முதல் ஜனநாயகம்’னு பெருமை பேசுற வாட்ஸ்அப் ஃபார்வர்டுல இந்த வரி வராது. அதனால சபை நடக்கிற மண்டபத்துக்கு வெளியில, வேலிக்கு அந்தப் பக்கம், மத்த எல்லாரையும் நிறுத்தியிருக்கேன். உழுறவங்க, நெய்யுறவங்க, ஏரிக்கரையில மண் சுமக்கிறவங்க, ஆண் பெண் எல்லாரும். அவங்களுக்கு எந்த ட்ரிகரும் இல்ல. வேலை மட்டும் செய்வாங்க.

மத்தியஸ்தனுக்கு மாங்க் யூனிட் கச்சிதமாப் பொருந்திடுச்சு. மாட்டிக்கிட்டது அந்தச் சின்னப் பையன்தான். இந்த கேம்ல குழந்தைங்களே கிடையாது. டவுன் சென்டர்லேர்ந்து எல்லாரும் பெரியவங்களாவே பிறந்து, நேரா வேலைக்குப் போறாங்க. விவரம் அறியாத, யார் பக்கமும் சாயாத ஒரு ஜீவன் வேணும். இருக்கிற பட்டியலை மூணு தடவை மேலேர்ந்து கீழே பார்த்தேன். இப்போதைக்கு குடத்துப் பக்கத்துல ஒரு செம்மறி ஆடு நிக்குது.